உன்னாலதான்

மார்ச் 3, திங்கள்

இன்று என் மகன் எதற்கும் என்னைக் குறை சொல்லவில்லை. ஏதோ இருக்கிறது.

சட்டைக் காலரில் இஸ்திரிப் பெட்டி பட்டு மஞ்சளாகிவிட்டது. நான் செய்த வேலைதான், ஃபோன் வந்ததே என்று திரும்பியதில். கையில் எடுத்துப் பார்த்தான். நான் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு வேறு சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பரவாயில்லையாம்! முடி கொட்டுவதற்கு என்னைச் சொன்னவன். நீச்சல் தெரியாததற்கு என்னைச் சொன்னவன். ஒருமுறை பஸ் பஞ்சரானதற்கு, "நீ சீக்கிரம் எழுப்பியிருந்தா முந்தின பஸ்ல போயிருப்பேன், உன்னாலதான்" என்றவன். நிச்சயமான கல்யாணம் நின்றுபோய், மூட்டை முடிச்சோடு என் வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சொன்னதும் அதுதான். அவன் பேசக் கற்றுக்கொண்டபோது அம்மா, அப்பா, அடுத்த வார்த்தை உன்னாலதான் என்று என் அக்காவிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவனுடைய அப்பா எங்களை விட்டுப் போனது யாரால் என்று அவனைக் கேட்கவே வேண்டாம்.

முப்பது வயது தாண்டிய ஆள் ஒரே நாளில் திருந்துவானா? ஆட்கள் திருந்துவதில்லை. காரியம் ஆக வேண்டியிருந்தால் குழைவார்கள்.

மார்ச் 5, புதன்

கவுண்டரில் இன்று ஒரு நீலக் குடைக்காரர். பஸ்ஸில் விட்டுவிட்டாராம். பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள் அறையில் வேலை பார்க்கிறவளிடம் நீலக் குடை என்று மட்டும் சொன்னால் போதுமா? ஒரு அலமாரி நிறைய நீலக் குடைதான்.

"கைப்பிடி எப்படி இருக்கும்?"

"வளைஞ்சிருக்கும்."

"கம்பி ஏதாவது ஒடிஞ்சிருக்கா?"

முழித்தார். பிறகு ஒரு சிரிப்பு. "ஏதோ ஒண்ணு குடுங்களேன், மழை வர்ற மாதிரி இருக்கு."

அதற்குள் என்னோடு வேலை பார்ப்பவர் ஒரு குடையை எடுத்து நீட்டிவிட்டார். அவருக்கு நான் வைத்த பெயர் ஆமாம்சாமி. யார் எதைக் கேட்டு வந்தாலும், ஆமாம், இது உங்களுதுதான். வெடுக்கென்று பிடுங்கி உள்ளே வைத்தேன். இந்த அறையில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். தன் பொருளைத் தேடி வருகிறவன் படபடப்பாக வருவான், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் திரும்பிப் போகமாட்டான். சிரித்துக்கொண்டு வருகிறவனைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வீட்டில் இவன் சிரித்துக்கொண்டே இருக்கிறான். நான் என்ன சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல்.

மார்ச் 8, சனி

சாப்பாட்டு மேசையில் இடம் மாறிவிட்டான். எப்போதும் என் பக்கத்தில், ஜன்னலை ஒட்டி உட்காருகிறவன் இப்போது நேர் எதிரே உட்காருகிறான். ஏன் என்றால், கண் கூசுதாம். அந்த ஜன்னலில் எந்தக் காலத்தில் வெயில் அடித்தது?

எதிரே உட்கார்ந்துகொண்டு என் வாயையே பார்க்கிறான். சாப்பிடும்போது, பேசும்போது, கொட்டாவி விடும்போது கூட. எதைப் பார்க்கிறான்? சோறு சிந்துகிறேனா என்றா? வாய் கோணுகிறதா என்றா? வயசான மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பது மாதிரி இருக்கிறது. துடைத்துத் துடைத்து உதடே எரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

பழைய விளையாட்டை மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

வெளியே கிளம்பினான். "எப்ப வருவே?" என்று கேட்டேன். "உப்பு போதும்மா" என்கிறான். சாப்பிட்டு முடித்து அரை மணி ஆகிறது!

பிறகு வந்தான். "கதவைப் பூட்டினியா?" என்றேன். "இப்பதான் குடிச்சேன், வேண்டாம்" என்கிறான்.

எனக்குத் தெரியாதா இது. நாற்பது வயது ஆவதற்குள்ளேயே என் காது மந்தமாகிவிட்டது. என் அப்பாவுக்கும் அப்படித்தான், அவர் ஃபோனில் பேசினால் தெருவே கேட்கும். காது மெஷின் வாங்கும்வரை நானும் ஒன்று கேட்டால் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இவன் தன் சிநேகிதர்கள் முன்னால் என்னை மாதிரியே நடித்துக் காட்டுவான். ஒருத்தன் கேள்வி கேட்பான், இவன் சம்பந்தமே இல்லாமல் பதில் சொல்வான், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் அடுக்களையில் நின்றுகொண்டு, அவர்கள் சிரிப்பதை மட்டும் பார்ப்பேன்.

அதை இப்போது திரும்ப ஆரம்பிக்கிறான் என்றால் என்ன நெஞ்சழுத்தம். இதற்கு நேராகத் திட்டுவதே மேல்.

மார்ச் 13, வியாழன்

பேட்டரி குறைகிறது.

என் காது மெஷினுக்குப் போடும் பட்டன் பேட்டரி, அட்டையோடு மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஒவ்வொன்றின் முதுகிலும் ஆரஞ்சு நிறத்தில் சின்ன ஒட்டுத்தாள் இருக்கும், அதைப் பிரித்தால்தான் வேலை செய்யும். பிரித்ததை நான் காலண்டரில் அன்றைய தேதியில் ஒட்டிவைப்பேன். காலண்டரில் இருப்பதைவிட அட்டையில் அதிகமாகக் குறைந்திருக்கிறது.

கேட்டேன். முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். "நீயே எங்கயாவது வச்சிருப்பம்மா. மறந்திருப்ப."

மறந்திருப்பேனாம்! யாரோ தொலைத்த ஒற்றைக் கையுறை எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன் நான்.

மார்ச் 15, சனி

ஆமாம்சாமியிடம் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தேன். யாரோ ஒரு சிநேகிதிக்கு இப்படி நடக்கிறது என்கிற மாதிரி. அவர் உடனே, "ஆமாம், இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றார். அவர் மாடியில் ஒரு அம்மா இருந்தாராம். மகன் ரொம்ப நல்லவனாம், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டானாம். வீட்டில் சாமான் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்றாம். அம்மாவுக்கு மறதி, அம்மாவுக்கு மறதி என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தானாம். கடைசியில் ஒரு டாக்டரும் அதையே சொல்ல, அம்மாவை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வீட்டை வித்துட்டான் என்றார்.

"பெத்த புள்ளையா அப்படிப் பண்ணுவான்?" என்றேன்.

"ஆமாம், பெத்த புள்ளைதான்."

அவர் எதற்கும் ஆமாம் சொல்கிறவர்தான். இருந்தாலும் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். இந்த வீடு என் பேரில் இருக்கிறது. ரெண்டு அறை, ஒரு அடுக்களை, துணி காயப்போட ஒரு பால்கனி. அவன் அப்பா போன பிறகு நான் ஒற்றையாக நின்று பிடித்து வைத்த இடம். இதை விட்டு நான் எங்கே போவேன்? மெஷினைக் கழற்றினால் எனக்கு எதுவும் கேட்காது. தெரியாத இடத்தில் எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று கூடத் தெரியாது.

மார்ச் 16, ஞாயிறு

அவன் அறைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். பேச்சே இல்லை. ஃபோனில் தட்டுகிறான், தட்டுகிறான், தட்டிக்கொண்டே இருக்கிறான். முன்பெல்லாம் ஃபோன் வந்தால் வீடு இரண்டாகும். இப்போது யாரிடம் பேசுகிறான் என்று எனக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதானே?

மார்ச் 19, புதன்

துணி துவைக்கும்போது அவன் சட்டைப் பாக்கெட்டில் கிடைத்தது. ஆரஞ்சு ஒட்டுத்தாள். நகக்கண் அளவு.

ஆக, எடுப்பது மட்டுமில்லை, பிரித்தும் போடுகிறான். பிரித்துவிட்டால் பேட்டரி சும்மா கிடந்தே செத்துப்போகும். எனக்குக் காது கேட்காமல் போக வேண்டும். நான் தப்புத் தப்பாகப் பதில் சொல்ல வேண்டும். அதை யாராவது டாக்டர் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. அவன் வேலை பார்க்கிற ஹோட்டலில் அவனை வரவேற்பு மேசையிலிருந்து எடுத்து, பின்னால் போர்வை, துண்டு எண்ணுகிற இடத்தில் போட்டுவிட்டார்களாம். போகிற போக்கில் சொல்கிறான். முன்பென்றால், ஹோட்டல் படிப்பில் நீ சேர்த்துவிட்டதால்தான் என்று வீட்டையே தலைகீழாக்கியிருப்பான். "ஏன் மாத்தினாங்க?" என்றேன். தோளைக் குலுக்கினான். "அங்க சத்தம் கம்மி. நல்லாருக்கு."

இவ்வளவு பெரிய விஷயத்தில் கூட என் தலை உருளவில்லை. எவ்வளவு பெரிய திட்டமாக இருக்க வேண்டும்!

மார்ச் 21, வெள்ளி

இன்னைக்குக் கேட்டுட்டேன். அடக்க முடியல.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் பின்னால் மேசையில். முகத்தைப் பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று திரும்பாமலே கொட்டினேன். என்னைப் பைத்தியம்னு காட்டப் பாக்கறியா? பேட்டரியைத் திருடி, வாயைப் பாத்து, கேலி பண்ணி? வீடு வேணும்னா நேரா கேளு, உனக்கில்லாம யாருக்கு? இப்படி நடிச்சுக்கிட்டு என் கூட இருக்க வேண்டாம், உங்கப்பன் மாதிரி நீயும் போயிடு. போயிடுன்னு சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

குழாயை மூடிவிட்டுத் திரும்பினேன். ஃபோனிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அதே சிரிப்பு.

"டீ போடட்டுமாம்மா?"

கல். கல்லேதான். என் வயிற்றில் பிறந்தது எப்படி இப்படி ஆனது?

மார்ச் 22, சனி

பேசவில்லை. அவனும் பேசவில்லை. டீ மட்டும் போட்டு வைத்திருந்தான். குடிக்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

காலையில் டிப்போவிலிருந்து வரும் பெட்டி வந்தது, முந்தின நாள் பஸ்களில் கிடந்ததெல்லாம். ஆமாம்சாமி ஒவ்வொன்றுக்கும் சீட்டு கட்டிக்கொண்டிருந்தார். குழந்தை ஷூ ஒன்று, கண்ணாடிக் கூடு, மதியச் சாப்பாட்டு டப்பா. ஒரு சீட்டில் "பாட்டு கேட்கும் ஹெட்போன், ஒற்றை" என்று எழுதியிருந்தார். பிறகு, "என்னங்க இது, கையில எடுத்தா கீச்சு கீச்சுன்னு கத்துது?" என்று நீட்டினார்.

உள்ளங்கையில் பொத்தினால் கீச்சென்று கத்துவது ஹெட்போன் இல்லை. காது மெஷின்.

வாங்கிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் மாட்டுகிற வகை. வலது பக்கத்துக்கு அடையாளமாகச் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி. ஓரம் கொஞ்சம் உரிந்திருக்கிறது. அந்தப் புள்ளியை வைத்தது நான். புது மெஷின் வாங்கியபோது பழைய ஜோடியை அலமாரியில் துணிக்கு அடியில் போட்டேன், அதற்குப் பிறகு நினைக்கக் கூட இல்லை.

சத்தம் உச்சத்தில் வைத்திருந்தது. பேட்டரி உயிரோடு இருந்தது. என் பேட்டரி.

பஸ் எது என்று சீட்டைப் பார்த்தேன். ஹோட்டலிலிருந்து எங்கள் தெருவுக்கு வருகிற பஸ்.

அலமாரிக்குப் பின்னால் போய், குடைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எதிரே உட்கார்ந்து வாயைப் பார்ப்பது. புரியாததற்குச் சிரித்துத் தலையாட்டுவது. ஃபோனில் பேசாமல் தட்டுவது. சத்தம் இல்லாத இடம் நல்லது என்பது. உப்பு போதும்மா. ஐயோ, இது ஒவ்வொன்றும் நான் செய்ததுதானே. எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? பிஸ்கட் பாக்கெட்டை அடுக்களையில் பிரித்தால் அறையிலிருந்து ஓடி வருகிற பிள்ளை என்பதால், எங்கள் குடும்பத்துக் காது மந்தத்திலிருந்து இவன் தப்பித்துவிட்டான் என்றே இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் சொன்னது எதுவும் அவனுக்குக் கேட்டிருக்காது. முதுகைக் காட்டிக்கொண்டுதானே சொன்னேன். குழாய் வேறு ஓடியது. அந்த மட்டும் தப்பித்தேன்.

மார்ச் 26, புதன்

வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறான். சோபா மெத்தையைத் தூக்கிப் பார்த்தான், பேன்ட் பாக்கெட்டையெல்லாம் வெளியே இழுத்துப் பார்த்தான். என்னடா தேடறே என்றால், சும்மா என்றான்.

பஸ்ஸில் விட்டிருப்போம் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. பஸ்ஸில் விட்டது எங்கே வந்து சேரும் என்றும் தெரியும். அந்தக் கவுண்டரில் யார் உட்கார்ந்திருக்கிறாள் என்றும் தெரியும். அதுதான் வரவில்லை.

கொண்டுவந்து கையில் கொடுத்துவிடலாமா? கொடுத்தால், எனக்கென்னம்மா தெரியும் என்பான். அத்தோடு மூடிக்கொள்வான். வேறு யார் மெஷினையாவது தேடிப் போவான். அதைவிட, என் கண்ணில் படாமல் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும். அவனுக்கு மானம் இருக்கட்டும். எனக்குத் தெரிந்ததை நான் வைத்துக்கொள்கிறேன்.

சாப்பிடும்போது எதிரே பார்த்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். "நாளைக்கு எனக்கு லீவு. கவுண்டர்ல அவர் மட்டும்தான் இருப்பாரு." என் உதட்டைப் பார்த்தான். தலையாட்டினான்.

மார்ச் 27, வியாழன்

லீவு போட்டு வீட்டில் இருந்தேன். அவன் விடியும்போதே வேலைக்குப் போகிறவன், நான் வீட்டில் இருந்தது தெரியாது. சாயங்காலம் ஆமாம்சாமிக்கு ஃபோன் போட்டேன். "யாராவது அந்த மெஷினைக் கேட்டு வந்தாங்களா?" "ஆமாம், யாரும் வரல" என்றார்.

வேண்டாம் என்று விட்டுவிட்டானா? கேட்காமலே இருந்துவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டானா? அது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 28, வெள்ளி

வந்தான்.

மதியம், வரிசையில் பின்னால் நின்றிருந்தான், ஹோட்டல் சட்டையோடு. முன்னால் இருந்தவர் விலகியதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. திரும்பிப் போய்விடப் போகிறான் என்று பயந்தேன். போகவில்லை. வரிசையிலேயே நின்றான்.

அவன் முறை வந்தது.

"நீ இன்னிக்கு லீவுன்னு சொன்னியே."

"நாளைக்குன்னு சொன்னேன்டா. நேத்துதான் லீவு."

"நாளன்னிக்குன்னுல்ல..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான்.

ஆமாம்சாமி எழுந்தார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினேன். யாரை எப்படிக் கேட்பேனோ அப்படியே கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"என்ன தொலைஞ்சது?"

"காது மெஷின்."

"அடையாளம்?"

"சிவப்பு நெயில் பாலிஷ். ஓரத்துல உரிஞ்சிருக்கும்."

"யாரோடது?"

"எங்கம்மாவோடது."

"இப்ப யாரு போட்டுக்கறது?"

பின்னால் நின்ற பெண்மணி கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"நான்தான்" என்றான்.

எடுத்து மேசை மேல் வைத்தேன். தலையைத் தூக்க முடியவில்லை. குனிந்தபடியே, "என்னாலதானே?" என்றேன்.

"என்னம்மா?"

கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. நிமிர்ந்து, வாயைத் திறந்து, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி. "இது என்னாலதானேடா?"

"இல்லம்மா. இது உன்னால இல்ல."

"எங்கப்பா, நான், இப்ப நீ. டாக்டர் சொல்லலையா?"

"சொன்னாரு. அதுக்கென்ன?" மெஷினைக் கையில் எடுத்துப் பொத்திக்கொண்டான். கீச்சென்றது. "மத்தது எதைச் சொன்னாலும் நீ திருப்பிச் சண்டை போடுவ. இதுக்கு உன்னாலதான்னு சொன்னா நம்பிடுவ. வேற ஏதாவது சொல்லப்போயி வாய் தவறி இதுவும் வந்துடுமோன்னு, எதையும் சொல்லல."

அழுதேன். கவுண்டரில் உட்கார்ந்து, சீட்டு கட்டுகிற நூலால் கண்ணைத் துடைத்தேன், வேறு எதுவும் கையில் கிடைக்கவில்லை.

"அப்ப உங்கப்பா போனது?"

"அது உன்னாலதான்."

"அதுவும் என்னால இல்லடா."

"வீட்டுல பேசிக்கலாம்மா. வரிசை நிக்குது."

ஆமாம்சாமி எட்டிப் பார்த்து, "ஆமாம், இது அவருதுதான்" என்றார். அவர் சொல்லி நான் ஒத்துக்கொண்டது இன்றைக்குத்தான்.

அவன் கிளம்பும்போது, "அடுத்தவங்க மெஷினைப் போட்டுக்கிட்டு அலையாத, அது என் காதுக்கு வச்ச அளவு" என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 29, சனி

காது மெஷின் கடைக்கு ரெண்டு பேரும் போனோம். கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வெளியே, பரிசோதிக்கிற பெண்ணின் பக்கத்தில் நான் நின்றேன். அவள் பொத்தானை அழுத்துவது தெரிகிறது. அவன் கை எழவில்லை. அழுத்துகிறாள். எழவில்லை. தூக்குடா, தூக்குடா என்று மனசுக்குள் கத்திக்கொண்டே நின்றேன்.

ஏப்ரல் 12, சனி

நேற்றுப் புது மெஷின் வந்தது. காலையில் ரெண்டு காதிலும் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். பிறகு ஆரம்பித்தான்.

குளியலறைக் குழாய் இத்தனை நாளாகச் சொட்டுகிறதாம், நான் ஏன் ஆள் கூப்பிடவில்லை. பாத்திரத்தை நான் வைப்பதில்லையாம், எறிகிறேனாம். செருப்பை இழுத்து இழுத்து நடக்கிறேனாம். ஃப்ரிட்ஜ் உறுமுகிறதாம், பார்த்து வாங்கத் தெரியாமல் வாங்கிவிட்டேனாம். "தலைவலி வந்துடுச்சும்மா, எல்லாம் உன்னாலதான்!"

நான் விடுவேனா? குழாய்க்கு ஆள் கூப்பிட உனக்குக் கை இல்லையா என்றேன். பதிலுக்கு அவன். பதிலுக்கு நான். அக்கா ஃபோனில் கேட்டுவிட்டு, என்னடி மறுபடியும் சண்டையா என்றாள்.

ஒரு கட்டத்தில் என் மெஷின் ரெண்டையும் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டேன். வீடு அமைதியாகிவிட்டது. எதிரே உட்கார்ந்து அவன் இன்னும் பேசிக்கொண்டே இருந்தான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, உதடு மட்டும் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையைப் படிக்க எனக்கு மெஷின் தேவையில்லை.